விளக்கு வலப்பக்கம் இருந்தது

இன்று காலை ஒரு குடும்பம் இல்லாமல் போனது.
யாரும் அழவில்லை. சமோவாரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
இல்நூர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து,
"கப்பிதோலினா யெகோரவ்னா,
இந்த விளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளட்டுமா?" என்றான்.
அவ்வளவுதான்.

சில்வா ஆற்றங்கரையில்
அப்பளம்போல் அடுக்கடுக்காய்ப் பிரியும் கல்.
அதில் என் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இறக்கை.
தலை இல்லை, கால் இல்லை.
எதைத் தின்றது, என்ன ஓசையிட்டது,
கேட்காதீர்கள்.
இருபத்தெட்டுக் கோடி ஆண்டு அரித்துத் தின்றபின்
மீதி வைத்தது நரம்புகளை.

மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று,
மறுபடி மேட்டில், மறுபடி பள்ளத்தில்,
விசிறி மடிப்பைப்போல.
எது எங்கே கிளைக்கிறது, எது எதோடு சேர்கிறது
என்று பார்த்துத்தான்
இன்னார் வீட்டுப் பிள்ளை என்கிறோம்.

ஆனால் இதற்கு முன்விளிம்பு உடைந்திருந்தது.
எண்ணத் தொடங்கும் இடமே கல்லில் இல்லை.
அப்படிப்பட்டதை
மேட்டையும் பள்ளத்தையும் நம்பித்தான் எண்ண வேண்டும்.
வழி தெரியாத ஊரில்
வாசற்படியை வைத்து வீட்டைக் கண்டுபிடிப்பதுபோல.

முப்பத்தெட்டு ஆண்டுக்கு முன்
படமெடுத்தவள் நான். மைதொட்டு வரைந்தவளும் நான்.
வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து விழ வேண்டும்,
அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.
அப்படியே பார்த்துப் பழகிய கண்
எதிர்ப்பக்க வெளிச்சத்தில்
மேட்டைக் குழி என்று சத்தியம் செய்யும்.

குங்கூர் பள்ளியில்
என் இடது சட்டைக்கையை மேசைக்காலில் கட்டிவைத்தபோது
எனக்கு ஏழு வயது.
அதன்பின் வலக்கையால் எழுதினேன், ரொட்டி அறுத்தேன்,
திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.
கோடு மட்டும் அந்தக் கைக்கு வரவேயில்லை.
அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இடக்கையால் வரைவேன்.
என் நிழல் என் கோட்டின்மேலேயே விழுந்தது.
விளக்கை வலப்பக்கம் நகர்த்தினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது.

கல் பெர்மிலேயே இருந்தது.
படம் மட்டும் தபாலில் மாஸ்கோவுக்குப் போனது.
வெனியமின் அர்காதியேவிச் எண்ணினார்:
மூன்றாவது நரம்பு அவருக்கு நான்காவதானது.
நான்காவது அங்கே கிளைக்கும் பூச்சி உலகில் எங்கும் கிடையாது.
ஆகவே புதிய பேரினம். ஆகவே புதிய குடும்பம்.
நான்கு பக்கக் கட்டுரை, லத்தீன் பெயர்.
எனக்கு ஓர் அஞ்சலட்டை:
"இத்தனை சுத்தமான கோட்டை நான் கண்டதில்லை."
அவர் செத்து ஒன்பது ஆண்டாகிறது.
அட்டை இன்னும் என் இழுப்பறையில்.

இல்நூர் விளக்கைத் தள்ளினான்.
கல் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்:
குழிகள் ஒவ்வொன்றாக மூச்செடுத்து எழுந்தன.
விரலை மடக்கி எண்ணினான்.
எண்ணிவிட்டுச் சிரித்தான், பிறகு சிரிப்பை விழுங்கினான்.
பதினான்காம் அலமாரியில்
அதே வகையில் அறுபது கிடக்கின்றன.
சாதாரண ஜனம்.
ஆற்றோரம் எதையாவது கொறித்து வாழ்ந்த கூட்டம்.

மதியத்துக்குள் வரைவு எழுதிவிட்டான்:
'மூல ஆசிரியர் புடைப்பைத் தவறாக வாசித்துள்ளார்.'
அந்த வரியை நான்குமுறை படித்தேன்.
இறந்தவர் மறுப்புச் சொல்லப்போவதில்லை.
பேனாவை எடுத்தேன்.
எந்தக் கையில் என்று அவன் கவனித்தான்.
ஓரத்தில் எழுதினேன்:
விளக்கு வலப்பக்கம் இருந்தது. வைத்தவள் நான்.

"இதை எப்படிக் குறிப்பிடுவது?" என்றான் வெகுநேரம் கழித்து.
நேரில் சொன்ன தகவல் என்று போடு, என்றேன்,
பெயரோடு.
படம் வரைபவர் பெயரை யாரும் அச்சிடுவதில்லை.
முதல்முறை வருகிறது,
இதற்காக.

பழைய சீட்டைக் கிழிப்பது வழக்கமில்லை.
புதிய சீட்டை அதன்மேல் வைத்து
பஞ்சில் பொதிந்து
அறுபத்தொன்றாவதாக உள்ளே தள்ளினேன்.
அதற்கு ஒன்றுமில்லை.
அது எப்போதும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

பிறகு அடுத்த கல்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.
விளக்கை என் பக்கமே இழுத்துக்கொண்டேன்.
தாளின் மூலையில் ஓர் அம்பு வரைந்தேன்:
வெளிச்சம் இங்கிருந்து.